காடு காத்த கோட்டை

பழந்தமிழ் மன்னர் மதில் எழுப்பியதோடு நின்றுவிடவில்லை. மதிலைச் சுற்றிக் காடும் வளர்த்தனர். அதற்குக் காவற்காடு என்று பெயர். மிளை என்றும் சொல்வர். வெயில் நுழையாதபடி மரங்கள் செறிந்த அக்காட்டைக் கடந்து, அகழியையும் கடந்த பிறகே பகைவன் மதிலைத் தொட முடியும். வள்ளுவரும் 'அரண்' என்னும் அதிகாரத்தில் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணின் உறுப்புகளாகவே எண்ணுகிறார். காடு கோட்டையைக் காக்கும். அதனால் கோட்டைக்குரியவர் காட்டைப் பேணுவர். இதுவே பழைய முறை.

இம்முறை தலைகீழாகிப் போன இடம் ஒன்று சிங்கப்பூரின் தென்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு கோட்டை, தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் போனது. தான் காக்க வந்த நகரையும் காக்கவில்லை. ஆனால் ஒரு காட்டைக் காத்துக் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தின் பெயர் லாப்ரடார் இயற்கைக் காப்பகம். பரப்பு ஏறத்தாழ 10 ஹெக்டேர். நம் ஊர்ப் பெரிய ஏரி ஒன்றின் ஓரத்தில் இதனை வைத்தால் கண்ணுக்கே தெரியாது. எனினும் நாட்டின் நான்கு இயற்கைக் காப்பகங்களுள் ஒன்றாகச் சட்டம் இதற்கு இடம் அளித்துள்ளது.

சேறும் வேரும்

வட்டப் பாதையில் ஓடும் நிலத்தடி ரயிலிலிருந்து இறங்குபவர் முதலில் காண்பது, நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதப்பட்டிருப்பதைத்தான். தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஊரிலிருந்து வந்த தமிழர் அந்தப் பலகையின் முன் ஒரு நொடி நின்றுவிட்டே நகர்கின்றனர்.

நிலையத்தை ஒட்டியே பெர்லாயார் ஓடை தொடங்குகிறது. ஓடையின் கரை நெடுகச் சதுப்புநிலக் காடு. 960 மீட்டர் நீளத்துக்கு நடைபாதையும் பலகைப் பாலமும் அமைத்துள்ளனர். பிச்சாவரத்தைப் பார்த்தவருக்கு இக்காடு புதிதன்று. அங்கே படகில் செல்வதை இங்கே காலால் செய்ய வேண்டும், அவ்வளவே வேறுபாடு. கண்டல் மரங்கள் வில்போல் வளைந்த வேர்களை ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல்விரலாக மேலெழுகின்றன. உப்புச் சேற்றில் காற்று இல்லை. அதனால் வேரே மூக்காகிறது. நீர் வற்றும்போது உளுவை மீன்கள் சேற்றின்மேல் தத்தித் தத்திச் செல்லும். பொறுமை உள்ளவருக்கு நீருடும்பும் தென்படும். நம் ஊர் உடும்பைவிடப் பெரிதான அது, நடப்பவரைக் கண்டு அஞ்சி ஓடுவதில்லை. விலகி வழிவிட வேண்டியவர் நடப்பவரே என்பதுபோல் படுத்திருக்கும்.

ஓடை கடலில் சேரும் இடத்தில் காடு சட்டென்று விலகுகிறது. எதிரே கெப்பல் துறைமுகத்தின் மேற்கு நுழைவாயில். அதற்கு அப்பால், கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் செந்தோசாத் தீவு. மலாய்ச் சொல்லாக வழங்கும் இப்பெயரின் வேர் நாம் அறிந்த 'சந்தோஷம்'தான். கேளிக்கைத் தீவுக்குப் பொருத்தமான பெயரே. ஆனால் இப்பெயர் வந்தது 1970களில். அதற்கு முன் அத்தீவின் மலாய்ப் பெயரில் இருந்தது சாவைக் குறிக்கும் சொல்.

கல் இருந்த இடம்

கரையோரத்தில் சிவப்பு வண்ணக் கலங்கரைத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் அருகே, யாரோ கொண்டுவந்து நட்டதுபோல், கூரிய பாறை ஒன்று. உண்மையிலேயே கொண்டுவந்து நட்டதுதான். முன்பு இக்கடலில் நின்ற இயற்கைப் பாறையின் நகல் அது.

அந்தப் பழைய பாறையை மலாய் மக்கள் 'பத்து பெர்லாயார்' என்றனர். மலாய் மொழியில் பத்து என்பது எண்ணன்று, கல். பெர்லாயார் என்றால் கப்பலோட்டுதல். சீன மாலுமிகள் 'யாளிப்பல் வாயில்' என்று நாம் மொழிபெயர்க்கத்தக்க பெயரை இந்நீர்வழிக்கு வழங்கினர். 14ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி எழுதிவைத்த குறிப்பில் அப்பெயர் உள்ளது. அது குறிப்பது இந்த நீர்வழியையே என்பது அறிஞர் பலரின் கருத்து. பாறையை அடையாளமாகக் கொண்டு எத்தனையோ தலைமுறை மாலுமிகள் இவ்வழியே கலம் செலுத்தியிருக்க வேண்டும்.

1848இல் ஆங்கிலேய அரசின் நில அளவையாளர் அப்பாறையை வெடி வைத்துத் தகர்த்தார். பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி அகலமாக வேண்டியிருந்தது. வழிகாட்டியாக நின்ற கல்லே வழிமறிக்கும் கல்லாகிவிட்டது. அதனைக் குற்றம் என்றும் சொல்ல இயலாது. துறைமுகத்தால் வாழும் ஊர் துறைமுகத்துக்கு வழிவிடத்தான் செய்யும். பின்னர் 2005இல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே மேற்கொண்ட முதல் கடற்பயணத்தின் 600ஆம் ஆண்டை ஒட்டி இந்த நகல் நிறுவப்பட்டது. இலங்கையின் காலி நகரில் கிடைத்த, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்த கல்வெட்டு இந்தச் செங் ஹே கொணர்ந்து நாட்டியதே. தமிழ் அக்காலக் கடல்வணிகத்தின் மொழிகளுள் ஒன்றாக இருந்தமைக்கு அக்கல் சான்று.

குன்றின்மேல்

கரையை விட்டுக் குன்றேறும் படிகளில் கால் வைத்ததும் காற்றின் தன்மை மாறிவிடுகிறது. கடற்காற்று நின்று, இலைமக்கிய ஈரமணம் சூழ்கிறது. ஏற்றம் பெரிதன்று, பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஓடியே ஏறிவிடலாம். ஓடுபவர் கண்ணுக்கு மட்டும் இவ்விடம் எதையும் காட்டாது. மெல்ல ஏறுபவருக்கு முதலில் தெரிவது ஒரு பழைய மதில். ஆலின் இனத்தைச் சேர்ந்த மரமொன்றின் வேர்கள் அதன்மேல் படர்ந்து, கல்லைப் பற்றிப் பிடித்திருக்கின்றன. மதிலை வேர் தாங்குகிறதா, வேரை மதில் தாங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

இதுவே பாசிர் பாஞ்சாங் கோட்டை. பெயரின் பொருள் நீண்ட மணற்பரப்பு. கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் நினைத்துக்கொண்டு வருபவர் ஏமாறுவர். வானளாவிய மதில் இல்லை, கொத்தளம் இல்லை. பீரங்கிக் காலத்துக் கோட்டை உயர்ந்து நிற்பதில்லை. உயர்ந்து நின்றால் இலக்காகிவிடும். அது மண்ணுக்குள் பதுங்கும். பீரங்கி நிற்கும் மேடை மட்டும் வெளியே தெரிய, மற்றவை யாவும் குன்றின் வயிற்றுக்குள் இருக்கும்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் இவ்வழியே பெருகின. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். கரிக்கிடங்குகள் இத்துறைமுகக் கரையில் குவிந்தன. பகைநாட்டுக் கப்பல் ஒன்று வந்து கரியைக் கைப்பற்றினால் கிழக்குக் கடலில் ஆங்கிலேயர் கலங்கள் அசைய முடியாது. அக்காலத்தில் அவர்கள் அஞ்சியது உருசியாவை. ஆகவே 1878ஆம் ஆண்டளவில் இக்குன்றில் ஒரு கோட்டையும், எதிரே தீவில் சிலோசோ என்னும் கோட்டையும் எழுந்தன. கதவின் இரு தாழ்ப்பாள்போல் இரண்டும் நீர்வழியைக் காத்தன.

குன்றின் உள்ளே வெடிமருந்துக்கு ஓர் அறை, குண்டுக்கு வேறோர் அறை. இரண்டையும் ஒன்றாக வைப்பதில்லை. அக்காலக் கோட்டைகளில் மருந்தறைக்குள் விளக்கைக் கொண்டுசெல்லவும் மாட்டார்கள்; சுவருக்கு அப்பால் தனி வழியில் விளக்கை வைத்து, கண்ணாடிச் சாளரத்தின் வழியாக ஒளியை மட்டும் உள்ளே விடுவர். ஆணி அடித்த காலணியும் கூடாது. ஒரு பொறி போதும், குன்றே சிதறிவிடும். பகைவனைக் கொல்லச் சேர்த்து வைத்த பொருளுக்கு நாள்தோறும் அஞ்சி நடந்தவர்கள் அதனைக் காத்தவர்களே. இந்நிலத்தடிச் சுரங்கவழிகள் நெடுங்காலம் மறந்துபோய்க் கிடந்து, 2001இல் மீண்டும் கண்டறியப்பட்டன. சிலகாலம் மக்கள் பார்வைக்குத் திறந்திருந்து பின்னர் மூடப்பட்டன. இன்று கம்பிக் கதவின் வழியே எட்டிப் பார்த்தால் இருளும் பாசியும் மட்டுமே தெரியும்.

மேலே, பீரங்கி மேடை. ஆறு அங்குலக் குழல் கொண்ட பீரங்கி ஒன்று கடலை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வகைப் பீரங்கியின் குண்டு ஏறத்தாழ 45 கிலோ எடை கொண்டது. சுற்றிலும் வீரர்களின் உருவங்கள். குண்டைத் தூக்கும் ஒருவன், குழலில் செலுத்தும் ஒருவன். பிள்ளைகள் அவ்வுருவங்களின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

விடுமுறை நாள்களில் இங்கே தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். அப்படி வந்த ஒரு சிறுமியும் அவள் தாத்தாவும் பீரங்கியின் முன் நின்றனர். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவர் என்பது வேட்டியிலும், வழியெல்லாம் மரங்களின் பெயரைச் சொல்லி வந்ததிலும் தெரிந்தது.

"தாத்தா, பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்தே இருந்ததாம். ஜப்பான்காரங்க பின்னாடி வழியா வந்துட்டாங்களாம். திருப்ப முடியலையாம். அதனாலதான் தோத்துட்டாங்க" என்றாள் சிறுமி.

தாத்தா விடை சொல்லவில்லை. குனிந்து பீரங்கியின் அடியைக் காட்டினார். "இது எதும்மேல நிக்குது, பாரு."

"வட்டமா ஒரு மேடை. நடுவுல தண்டு."

"திருப்பவே முடியாத பொருளுக்கு வட்டமா மேடை எதுக்குடா கண்ணு?"

சிறுமி மேடையை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு குன்றின் பின்புறம் இருந்த மரங்களைப் பார்த்தாள். அங்கிருந்துதான் பாசிர் பாஞ்சாங் மேடு தொடங்குகிறது.

திரும்பிய பீரங்கியும் திரும்பாத மனமும்

சிறுமி சொன்ன கதை உலகெங்கும் பரவிய கதை. சிங்கப்பூரின் பீரங்கிகள் தவறான திசையைப் பார்த்திருந்தன என்பது, அந்தப் போரைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்கூட அறிந்த ஒன்று. அது பாதி உண்மை. பாதி உண்மைக்கே உரிய நீண்ட ஆயுளும் அதற்கு உண்டு.

நடந்தது இது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையான கோத்தா பாருவில் இறங்கியது. இரண்டே நாளில், டிசம்பர் 10 அன்று, 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கடலரண் அன்றே பாதி சரிந்தது. பிறகு அப்படை தீபகற்பம் முழுவதையும் நிலவழியே கடந்து தெற்கே வந்தது, மிதிவண்டிகளிலும் வந்தது. 1942 ஜனவரி 31 அன்று ஆங்கிலேயர் பின்வாங்கித் தீவுக்குள் புகுந்து, ஜொகூரை இணைக்கும் பாலத்தைத் தகர்த்தனர். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்குக் கரையில் இறங்கினர். ஒரே வாரம். பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் தளபதி பெர்சிவல், தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார்.

அந்த ஒரு வாரத்தில் பீரங்கிகள் வாளாவிருக்கவில்லை. சாங்கியில் இருந்த பதினைந்து அங்குலப் பெரும் பீரங்கிகளுள் சில வடக்கும் மேற்கும் திரும்பிச் சுட்டன. லாப்ரடார் பீரங்கிகளும் பாசிர் பாஞ்சாங் வழியே முன்னேறியவர்கள்மீது திரும்பிச் சுட்டன. திரும்புவதில் பெருங்குறை இல்லை. கிடங்கில் இருந்த குண்டுகளில்தான் குறை. கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்ட குண்டுகளே பெரும்பாலும் இருந்தன. அவை மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்து, பிறகே வெடிக்கும். பரவி வரும் காலாட்படையை அவை தடுத்து நிறுத்துவது அரிது. பீரங்கியைத் திருப்பினர், குண்டை மாற்ற நேரமில்லை. குண்டை மாற்றியிருந்தாலும் வானில் விமானம் இல்லை, நிலத்தில் பீரங்கி வண்டி இல்லை. வடகரையில் முன்கூட்டியே வலுவான அரண்களும் எழுப்பப்படவில்லை. பகைவன் கடல்வழியே வருவான் என்று ஐம்பது, அறுபது ஆண்டுகளாக எண்ணிப் பழகிய மனம், அவன் நிலவழியே வந்தபோதும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது. பீரங்கி தவறான திசையைப் பார்த்தது என்று சொல்வது எளிது; அப்படிச் சொன்னால் பழி இரும்போடு போய்விடும். இரும்பை எங்கே நடுவது என்று முடிவு செய்தவர்கள் பேச்சில் வராமலே நழுவிவிடுவார்கள்.

குடிநீரையும் மறக்கலாகாது. முற்றுகையிட்டாலும் கொள்ளுதற்கு அரியதாய், உள்ளே உணவுடையதாய் இருப்பதே அரண் என்பது வள்ளுவர் கருத்து. சிங்கப்பூரோ, சுற்றிலும் நீர் சூழ்ந்த தீவு. ஆனால் ஜொகூரிலிருந்து வந்த குடிநீர்க் குழாய் பாலத்தோடு போயிற்று. நீர்த்தேக்கங்கள் பகைவர் கைக்குச் சென்றன. குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் உடைந்து நீர் வீணாகியது. பெர்சிவலின் முடிவுக்குக் குண்டைவிடக் குடிநீரே பெருங்காரணங்களுள் ஒன்றாக இருந்தது. எத்துணை மாட்சி இருந்தாலும் செயல்மாட்சி இல்லாதவரிடத்தில் அரண் பயனற்றது என்று அதே அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். அந்தக் குறளை இந்த மேடையில் நின்று படிக்கலாம்.

ஆயினும் செயல்மாட்சி எல்லாரிடமும் இல்லாமல் போகவில்லை. இக்குன்றுக்கு வடமேற்கே நீளும் மேட்டில் பிப்ரவரி 13, 14 ஆகிய நாள்களில் மலாய்ப் படைப்பிரிவினர் நின்று போரிட்டனர். அவர்களுள் ஒருவர் துணைநிலை அதிகாரி அட்னான் பின் சைடி. சரணுக்கு முந்திய நாள் அவர் வீழ்ந்த குன்றின் பெயர் புக்கிட் சண்டு, அதாவது அபினிக் குன்று. பஞ்சாபியப் படையினர்போல் தலைப்பாகை கட்டி மாறுவேடத்தில் வந்த ஜப்பானியரை, அவர்கள் நான்கு நான்கு பேராக அணிவகுத்து வந்ததைக் கொண்டே மலாய் வீரர்கள் கண்டுகொண்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஆங்கிலேயப் பயிற்சி பெற்றவர்கள் மூன்று மூன்று பேராக நடப்பவர்கள். பெரும் பீரங்கிக்கு எட்டாதது ஒரு வீரனின் கண்ணுக்கு எட்டியது.

சரணடைந்தவர்களுள் இந்திய வீரர்கள் ஏறத்தாழ 45,000 பேர். பிப்ரவரி 17 அன்று அவர்கள் ஃபாரர் பூங்காத் திடலில் திரட்டப்பட்டனர். இந்திய தேசிய இராணுவம் உருவான கதையின் முதற்பக்கம் அத்திடல். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் வீட்டுப் பெண்கள் பலர் பின்னாளில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை செய்யக் கொண்டுசெல்லப்பட்டு, காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டனர். கிராஞ்சியில் உள்ள போர் நினைவிடத்தில், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்ட நேசநாட்டு வீரர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. தோட்டத் தொழிலாளரின் பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டுமானால், முதலில் யாரேனும் அவற்றைத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். லாப்ரடாரில் ஒவ்வொரு செங்கல் மேட்டுக்கும் ஒரு விளக்கப் பலகை இருக்கிறது. அது நல்லதே. பலகை இல்லாத இடங்களும் உண்டு என்பதை அறிந்தவர் இப்பலகைகளைச் சற்று மெதுவாகப் படிப்பர்.

காடு திரும்பிய கதை

போர் முடிந்தது, கோட்டை கைவிடப்பட்டது. இனித்தான் இவ்விடத்தின் நல்ல பகுதி.

கோட்டை இயங்கிய காலத்தில் காடு இங்கே செழித்திருக்க முடியாது. பீரங்கிக்குப் பார்வை வேண்டும். கடல் தெரிய வேண்டும். மறைக்கும் மரத்தை வெட்டத்தான் செய்வர். இன்று நாம் காண்பது பெரும்பாலும் அதன்பின் எழுந்த இரண்டாம் தலைமுறைக் காடு. ஆனால் இராணுவம் ஒன்றைச் செய்தது. குன்றைச் சுற்றி வேலியிட்டது. சுற்றுப்புறமெல்லாம் துறைமுகமாகவும் சாலையாகவும் வீடாகவும் மாறிய காலத்தில், இக்குன்றை இடித்துக் கடலில் கொட்டவோ, இதன்மேல் மாளிகை கட்டவோ எவராலும் இயலவில்லை. மண்ணும் பாறையும் உள்ளபடியே இருந்தன. காவல் விலகியதும், பறவை எச்சத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வந்த விதைகளுக்கு ஓர் இடம் காத்திருந்தது. காவற்காடு என்ற சொல்லை நம் முன்னோர் எப்பொருளில் வழங்கினரோ, அதன் மறுதலைப் பொருளில் அது இங்கே பொருந்துகிறது.

அப்படித் தானே வந்த காட்டை வைத்துக்கொள்வதும் எளிதாக இல்லை. 1951இல் இவ்விடம் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1973இல் அத்தகுதி நீக்கப்பட்டு, வெறும் இயற்கைப் பூங்காவாகத் தாழ்ந்தது. நிலமே செல்வமாகிய சிறுநாட்டில் அந்தத் தாழ்வுக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. இயற்கை ஆர்வலர்கள் விடாமல் எழுதினர், பேசினர், கடல் வற்றும் நேரங்களில் இறங்கிக் கணக்கெடுத்தனர். 2002இல் காப்பகம் என்னும் தகுதி மீண்டும் கிடைத்தது. பீரங்கிகளால் ஒரு வாரம் தாங்க முடியாத குன்றை, குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டவர்கள் மூன்று பத்தாண்டுகள் காத்து நின்றனர்.

காட்டில் 70க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. மாங்குயிலின் குழலொலி எப்போதும் கேட்கும். வெண்வயிற்றுக் கடற்கழுகு குன்றுக்கு மேலே வட்டமிட்டுக் கடலுக்குத் திரும்பும். கரையோரம் நாட்டு வாதுமை மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. நீர்ப்பருத்தி காலையில் மஞ்சளாய்ப் பூத்து, மாலையில் செம்மை படிந்து உதிர்கிறது. உதிர்ந்த பூவை மிதிக்காமல் நடக்க முயல்பவர் தோற்றுவிடுவர்; பாதை முழுதும் அதுவே.

கீழிறங்கும் வழியில், கடலை ஒட்டி, இயந்திரத் துப்பாக்கிக்கான காவற்கூண்டு ஒன்று உள்ளது. கனத்த சிமெண்டுச் சுவர். கண்போல் நீண்ட திறப்புகள். கடல்வழியே வந்து கரையேறும் பகைவனைச் சுடக் கட்டியது. அவன் அவ்வழியே வரவேயில்லை. திறப்பின் விளிம்பில் இப்போது பெரணி முளைத்திருக்கிறது.

கூண்டுக்கு அப்பால் குன்று நேராகக் கடலில் இறங்குகிறது. சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் மக்கள் அணுகிப் பார்க்கக்கூடிய பாறைக் கடற்குன்று இது ஒன்றே. மற்றக் கரைகளில் பல மண்ணிட்டு நிரப்பி நேர்க்கோடாக்கப்பட்டவை. ஒரு காலத்தில் தீவின் தென்கரை எப்படி இருந்தது என்பதைக் கேட்டறிய இனி இந்தப் பாறையைத்தான் கேட்க வேண்டும். அலை அரித்த அடுக்குகளில் செம்மண் நிறமும் சாம்பல் நிறமும் மாறிமாறித் தெரிகின்றன. நீர் நன்றாக வற்றும் நாள்களில் பாறைக்குக் கீழே கடற்புல் வெளிப்படும். பாக் நீரிணையில் கடற்பசு மேயும் புல்லின் உறவு அது. புல்லிடையே நண்டுகளும் சிறு மீன்களும் நத்தைகளும் வாழ்கின்றன. கால் பட்டால் நசுங்கிவிடும் என்பதால் அக்கரையில் இறங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. கம்பி வேலிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும்.

வேலிக்கு இப்பால் நின்று அந்தச் சிறுமி கேட்டாள்: "அந்தக் கல்லை உடைச்சது எந்த இடம், தாத்தா?"

தாத்தா சிவப்புத் தூணுக்கு நேரே கடலைச் சுட்டினார். பெட்டிகள் அடுக்கிய சரக்குக் கப்பல் ஒன்று அவ்விடத்தின் அருகே மெல்லச் சென்றுகொண்டிருந்தது. அது கடந்துபோன பிறகு, எழுந்த அலை நெடுநேரம் கழித்துக் கரைக்கு வந்து, கடற்புல்லைச் சாய்த்துவிட்டுத் திரும்பியது.